படுத்த யானையும் பந்தாட்டக் களமும்

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பது நாம் வழங்கிவரும் பழமொழி. பெருமை பெற்றோர் தளர்ந்த காலத்தும் பிறரினும் உயர்ந்தே தோன்றுவர் என்பது அதன் கருத்து. இப்பழமொழியை நம்பி, தளர்ந்த வீரர் ஒருவரைக் களத்திற்கு மீண்டும் அழைத்து வரலாமா என்னும் வினா விளையாட்டுலகில் அடிக்கடி எழுகின்றது. அவ்வினா மிகக் கூர்மையாக எழுவது கூடைப்பந்தாட்டத்திலேயாகும். அதிலும், வளையத்தருகே நின்றாடும் சென்டர் எனப்படும் மைய ஆட்டக்காரரைப் பற்றியேயாகும்.

அவர் முன்பு அணிக்காக ஆடியவர். பின்னர்ப் பிரிந்து சென்றவர். முதுகிலோ முழங்காலிலோ பாதத்திலோ அறுவை மருத்துவம் கண்டவர். இன்று ஓடுவார், நாளை விழமாட்டார் என்று எவரும் உறுதிகூற இயலாது. அவரை மீண்டும் ஒப்பந்தம் செய்து அழைத்துக்கொள்வதா, வாழ்த்துக்கூறி விலக்கிவைப்பதா? நன்றியுணர்வு ஒருபுறம் இழுக்கின்றது. முன்னெச்சரிக்கை மறுபுறம் தடுக்கின்றது. அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின், அஃதாவது என்.பி.ஏ.யின், அணிகள் இவ்வினாவைப் பன்முறை எதிர்கொண்டுள்ளன. வென்ற கதையும் உண்டு. வீழ்ந்த கதையும் உண்டு.

பந்தாட்டச் செய்திக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன இடம் என்று ஆன்றோர் சிலர் கேட்கக்கூடும். ஒரு பணிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பது யாங்ஙனம் என்பதை நம் முன்னோர் ஒரு தனிக்கல்வியாகவே போற்றினர். வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று அதிகாரங்களையே வகுத்து வைத்தார். அக்கல்வியை நாம் தேர்வுத்தாளில் எழுதுகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். அதனை உலக நிகழ்ச்சி ஒன்றில் பொருத்திப் பார்ப்பதும் தமிழ்ப்பணியே என்பது நம் எண்ணம்.

மைய ஆட்டக்காரரின் சுமை

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வளையத்தைக் காப்பவரும், எதிரணியினரின் எறிதலைத் தடுப்பவரும், குறிதவறித் திரும்பும் பந்தைக் கைப்பற்றுபவரும் மைய ஆட்டக்காரரே. பெரும்பாலும் அணியிலேயே நெடிய உருவமுடையவர் அவர். பில் வால்டனின் உயரம் 2.11 மீட்டர். லித்துவேனிய நாட்டவரான சிட்ருனாஸ் இல்காஸ்காஸின் உயரம் 2.21 மீட்டர். சீன நாட்டு யாவ் மிங்கின் உயரமோ 2.29 மீட்டர்.

இத்துணைப் பெரிய உடல் ஓராட்டத்தில் எத்தனையோ முறை மேலெழுந்து கீழிறங்குகின்றது. இறங்கும்பொழுது உடலெடையின் பன்மடங்கு சுமை பாதத்தின்மீது விழுகின்றது. பாதத்தின் நடுவே படகு வடிவில் ஒரு சிற்றெலும்பு உண்டு. அதன் நடுப்பகுதிக்குக் குருதியோட்டம் குறைவு. ஆதலால் அங்கு ஏற்படும் விரிசல் எளிதில் கூடுவதில்லை. கூடியது போலத் தோன்றி மறுபடியும் பிளப்பதும் உண்டு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, ஆறு திங்களுக்குள் 82 ஆட்டங்கள் என்பது என்.பி.ஏ.யின் வழக்கமான கணக்கு. விரிசல் கண்ட எலும்பிற்கு அதில் ஓய்வேது?

நெடியோர் அனைவரும் விழுந்துவிட்டார் என்று நாம் கூறவில்லை. கரீம் அப்துல் ஜப்பார் 1969 முதல் 1989 வரை இருபது பருவங்கள் ஆடி, 1,560 ஆட்டங்களில் களங்கண்டார். ராபர்ட் பாரிஷ் நாற்பத்து மூன்று வயதுவரை ஆடி, 1,611 ஆட்டங்களை எட்டினார். அப்துல் ஜப்பார் பயின்ற அதே கல்லூரியில், அதே ஜான் உடன் என்னும் பயிற்சியாளரிடம் பயின்றவர் வால்டன். அவருக்கு வாய்த்தவை 468 ஆட்டங்கள் மட்டுமே. யாவ் மிங்கிற்கு 486. பயிற்சி ஒன்றாயினும் எலும்பின் வாகு ஒன்றாக இருப்பதில்லை. இதனை ஆட்டக்காரரின் சோம்பல் என்றோ மனவுறுதிக் குறைவு என்றோ பழிப்பது அறமாகாது.

லேக்கர்ஸ் அணி கண்ட சோதனை

நம் வினாவிற்கு முற்றும் பொருந்திய சான்று லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியும் டுவைட் ஹோவர்டும் ஆவர். 2004ஆம் ஆண்டின் தேர்வில் ஆர்லாண்டோ அணியால் முதலாவதாக எடுக்கப்பெற்றவர் ஹோவர்ட். 2009, 2010, 2011 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். 2012 ஏப்ரலில் அவருக்கு முதுகில் அறுவை நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் லேக்கர்ஸ் அணி அவரைப் பெற்றது.

முதுகு முழுமையாகத் தேறுமுன்பே அவர் களமிறங்கினார், தோளிலும் காயமுற்றார். ஆயினும் 76 ஆட்டங்கள் ஆடி, மீள்பந்து கைப்பற்றுவதில் சங்கத்திலேயே முதலிடம் பெற்றார். அணியோ முதற்சுற்றில் நான்கு ஆட்டங்களையும் தோற்று வெளியேறியது. 2013 கோடையில் லேக்கர்ஸ் அணியினர் நகரத்தில் பெரும்பலகைகள் வைத்து, 'இங்கேயே இரும்' என்று அவரை வேண்டினர். ஐந்தாண்டிற்கு ஏறத்தாழ 11 கோடியே 80 இலட்சம் டாலர் தரவும் முன்வந்தனர். அவர் அதனை மறுத்து, குறைந்த தொகைக்கு ஹூஸ்டன் சென்றார். அன்றுமுதல் லேக்கர்ஸ் அன்பர்கள் அவரைக் கண்டபோதெல்லாம் எள்ளி ஒலியெழுப்பினர்.

ஆறாண்டுகள் உருண்டன. முழங்கால் நோவால் 2014-15 பருவத்தில் 41 ஆட்டங்களே ஆடினார். ஹூஸ்டனுக்குப் பின் அட்லாண்டா, சார்லட், வாஷிங்டன் என அணிகள் மாறின. சார்லட் அணியில் 81 ஆட்டங்கள் ஆடினார் என்பதையும் நடுநிலையாளர் மறத்தலாகாது. ஆனால் 2018-19 பருவத்தில் வாஷிங்டன் அணிக்கு ஆடியவை 9 ஆட்டங்களே. முதுகில் மறுபடியும் அறுவை நடந்தது. அவர் காலம் முடிந்தது என்றே பலரும் எழுதினர்.

2019 கோடையில் லேக்கர்ஸ் அணி டிமார்கஸ் கசின்ஸ் என்னும் மைய ஆட்டக்காரரை அமர்த்தியிருந்தது. ஆகஸ்டில் பயிற்சியின்போது அவரது முழங்காலின் இணைப்புநார் அறுந்தது. இடம் வெறுமையாயிற்று. அவ்விடத்திற்கே ஹோவர்டை அழைக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. முன்பு விட்டுச்சென்றவர், முப்பத்து மூன்று வயதினர், இருமுறை முதுகறுவை கண்டவர். அணி அவரை அழைத்தது. ஆனால் எவ்வாறு அழைத்தது என்பதே நாம் உற்றுநோக்க வேண்டியது. ஊதியத்திற்கு முழு உறுதிமொழி இல்லாத ஓராண்டு ஒப்பந்தத்தை அளித்தது. என்.பி.ஏ. விதிப்படி, அத்தகைய ஒப்பந்தம் சனவரி 10வரை கைவிடப்படாவிடில்தான் அப்பருவம் முழுமைக்கும் உறுதியாகும். அதுவரை எந்நாளும் அவரை விலக்கும் உரிமை அணிக்கு இருந்தது.

விளைவு யாவரும் அறிந்ததே. ஹோவர்ட் 69 ஆட்டங்களில் ஆடினார். ஓராட்டத்திற்கு ஏறத்தாழ 19 நிமிடம் மட்டுமே ஆடி, 7.5 புள்ளியும் 7.3 மீள்பந்தும் ஈட்டினார். 2020 அக்டோபரில் லேக்கர்ஸ் அணி மயாமி அணியை வென்று வாகை சூடியது.

வேண்டா என்போர் கூற்று

ஒரு வெற்றியைக் காட்டிப் பொதுவிதி கூறுதல் முறையன்று. மறுப்போர் கூற்றில் வலிமையான பகுதிகள் உள்ளன.

முதலாவது, இடத்தின் அருமை. என்.பி.ஏ. அணி ஒன்றில் வழக்கமான ஒப்பந்தம் பெறுவோர் பதினைவரே. நோயுற்ற மூத்தவருக்கு ஓரிடம் அளித்தால், ஓடியாடிப் பழகவேண்டிய இளைஞன் ஒருவன் வாயிலில் நிற்கிறான். மூத்தவர் களமிறங்காத நாளில் அவ்விடம் எவருக்கும் பயன்படுவதில்லை. களத்தில் இருத்தலே ஒரு திறன் என்பதனைச் சங்கமே 2023-24 பருவம் முதல் விதியாக்கியுள்ளது. 65 ஆட்டங்கள் ஆடாதவர்க்கு உயரிய விருதுகள் பல கிட்டா.

இரண்டாவது, கெடாத நம்பிக்கை கெடுக்கும் நம்பிக்கையாகும் தன்மை. 2007ஆம் ஆண்டுத் தேர்வில் போர்ட்லண்டு அணி கிரெக் ஓடனை முதலாவதாக எடுத்தது. இரண்டாவதாக எடுக்கப்பெற்றவர் கெவின் டுரான்ட். ஓடன் முதற்பருவம் முழுவதும் முழங்காலறுவையால் ஆடவில்லை. அடுத்ததில் 61 ஆட்டங்கள். அதற்கடுத்ததில் 21 ஆட்டங்கள். பின் முழங்கால் சில்லு உடைந்தது. அதன்பின் மற்றோர் அறுவை. 2011 டிசம்பரில் போர்ட்லண்டு அணி அவருடன் ஓராண்டிற்கு 15 இலட்சம் டாலரில் மீண்டும் ஒப்பந்தம் செய்தது. 2012 மார்ச்சில், ஓராட்டமும் ஆடாத நிலையில், அவரை விடுவித்தது. ஐந்தாண்டுகளில் அவர் அவ்வணிக்கு ஆடியவை 82 ஆட்டங்கள். ஓராண்டின் கணக்கு ஐந்தாண்டில் நிரம்பியது எனலாம்.

மூன்றாவது, நெடிய ஒப்பந்தத்தின் பாரம். பிலடெல்பியா அணியின் ஜோயல் எம்பீட் முதலிரு பருவங்களும் காயத்தால் ஆடாதவர். பின்னர் 2022-23இல் சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதே பெற்றவர். 2023-24இல் 39 ஆட்டங்களே ஆடினார். ஆயினும் 2024 செப்டம்பரில் மூன்றாண்டு நீட்டிப்பாக ஏறத்தாழ 19 கோடியே 30 இலட்சம் டாலர் அவருக்கு உறுதியாயிற்று. அடுத்த பருவத்தில் அவர் ஆடியவை 19 ஆட்டங்கள். அணி வென்றவை 24, தோற்றவை 58. அவர் பிரிந்து சென்று மீண்டவர் அல்லர். எனினும் காயமுறும் பெருவீரர்மீது அணியின் எதிர்காலம் முழுவதையும் ஏற்றினால் யாது நேரும் என்பதற்கு அவர் சான்றாகிறார்.

வேண்டும் என்போர் கூற்று

ஏற்போர் பக்கத்திலும் உண்மை உண்டு. உயரத்தை எந்தப் பயிற்சியாளரும் கற்பிக்க இயலாது. பந்து எங்கே விழும் என்பதனை முன்னுணரும் அறிவும் பல்லாண்டுப் பழக்கத்தால் வருவது. கால் தளரலாம், அவ்வறிவு தளர்வதில்லை. மேலும், பழைய அணிக்கு அவரது உடலின் வரலாறு தெரியும். எந்தக் கால் முன்பு வீங்கியது, எந்த அறுவை எத்தனை நாளில் ஆறியது என்பன அவர்தம் ஏடுகளிலேயே உள்ளன. புதிதாக வாங்கும் அணி குருடன் யானையைத் தடவியது போலத் தடவ வேண்டும். பழைய அணிக்கு அத்தொல்லை குறைவு.

கிளீவ்லண்டு அணியின் இல்காஸ்காஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1996இல் தேர்வானவர் முதற்பருவம் முழுவதும் பாதக்காயத்தால் ஆடவில்லை. அடுத்த பருவத்தில் 82 ஆட்டங்களும் ஆடினார். அணி மகிழ்ந்து ஆறாண்டிற்கு ஏறத்தாழ 7 கோடியே 10 இலட்சம் டாலர் ஒப்பந்தம் அளித்தது. அதன்பின் மூன்று பருவங்களில் அவர் ஆடியவை 5, 0, 24 ஆட்டங்கள். பாதத்தையே திருத்தியமைக்கும் அறுவைக்குப் பின் அவர் எழுந்தார். 2002-03இலும் 2003-04இலும் 81 ஆட்டங்கள் ஆடினார்; 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் அனைத்து நட்சத்திர ஆட்டத்திற்கும் தேர்வானார். 2010 பிப்ரவரியில் அணி அவரை வாஷிங்டனுக்கு மாற்றிக் கொடுத்தது. வாஷிங்டன் விடுவித்ததும் மார்ச்சிலேயே கிளீவ்லண்டு அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. 2014இல் அவர் அணிந்த 11ஆம் எண்ணை இனி எவருக்கும் இல்லை என ஒதுக்கிப் பெருமை செய்தது.

எடைபோடும் முறை

இருதரப்புச் சான்றுகளையும் கண்டோம். இவற்றிற்குள் ஒழுங்கு ஏதேனும் உண்டா? உண்டு என்பதே நம் துணிபு.

பலரும் கேட்கும் கேள்வி, "அவர் மறுபடியும் காயமுறுவாரா?" என்பது. அக்கேள்விக்கு மருத்துவரும் உறுதியான விடை கூற இயலாது. விடையில்லாக் கேள்வியை வைத்து முடிவெடுக்கப் புகுவதே முதற்பிழை. கேட்கவேண்டிய கேள்வி வேறு: "அவர் காயமுற்றால் அணி நிற்குமா?" இதற்கு விடை உண்டு, அதுவும் அணியின் கையிலேயே உண்டு. வலியறியும் இடத்தில் வள்ளுவர் செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றாரின் வலிமை என்பவற்றோடு நில்லாமல், துணைவரின் வலிமையையும் எடைபோடச் சொன்னார். மீண்டும் அழைக்கப்பெறும் வீரரின் காலை மட்டும் சோதித்துவிட்டு, அவர் அருகில் நிற்பாரைச் சோதியாமல் விடும் அணியே ஏமாறுகின்றது.

இக்கருத்தை ஒரே மனிதரின் வாழ்விலேயே சோதித்துப் பார்க்கலாம். 1977இல் போர்ட்லண்டு அணிக்கு வாகை பெற்றுத் தந்தவர் பில் வால்டன். அடுத்த பருவத்தில் அணி 60 ஆட்டங்களில் 50 வென்றிருந்த வேளையில் அவர் பாதம் முறிந்தது. எஞ்சிய 22 ஆட்டங்களில் அணி வென்றவை 8 மட்டுமே. அவரின்றி அணி இல்லை என்பது அப்போது வெளிப்பட்டது. சியாட்டில் அணிக்கு எதிரான வாகைச் சுற்றில், வலி தெரியாதிருக்க ஊசி போடப்பெற்று அவர் ஆடினார். ஆட்டத்திற்குப் பின், பாதத்தின் அந்தப் படகெலும்பு முறிந்தமை தெரிந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. தமக்குச் செய்யப்பெற்ற மருத்துவத்தைக் குறைகூறி அணியைவிட்டே பிரிந்தார். பின் சேர்ந்த சாண்டியாகோ அணியில் முதற்பருவத்தில் 14 ஆட்டங்கள். அடுத்த இரு பருவங்களில் ஒன்றுமில்லை.

அதே வால்டனை 1985இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அழைத்தது. அது அவரது பழைய அணியன்று. ஆயினும் பாடம் நமக்கு உரியது. அவ்வணியில் மைய இடத்தில் அசையாத தூணாகப் பாரிஷ் நின்றார். லாரி பேர்டும் கெவின் மக்ஹேலும் பக்கத்தில் இருந்தனர். வால்டன் தொடக்க ஆட்டக்காரர் அல்லர். பாரிஷ் இளைப்பாறும் வேளையில் ஆடுபவர். ஓராட்டத்திற்கு ஏறத்தாழ 19 நிமிடம். அப்பருவத்தில் அவர் 80 ஆட்டங்கள் ஆடினார். அவர் வாழ்நாளிலேயே அதுதான் மிகுதி. அணி 67 வென்று 15 தோற்றது. 1986இல் வாகை சூடியது. மாற்று ஆட்டக்காரருக்குரிய விருது வால்டனுக்குக் கிட்டியது. அடுத்த பருவத்தில் மறுபடியும் பாதம் துன்புறுத்த, 10 ஆட்டங்களோடு நின்றார். அப்போதும் செல்டிக்ஸ் சாய்ந்துவிடவில்லை. இறுதிப்போட்டி வரை சென்றது. கிடைத்ததும் ஊதியமே; கிடைக்காதபோதும் வீடு விழவில்லை.

இவ்விரு காட்சிகளிலும் பாதம் ஒன்றே, மனிதர் ஒருவரே. வேறுபட்டது துணைவலி. அவரையே நம்பிய அணியில் அவசரம் பிறந்தது; அவசரத்தில் ஊசி பிறந்தது; ஊசியால் எலும்பு முறிந்தது. அவரை நம்பியிராத அணியில் அவசரமில்லை. ஆதலால் ஓய்வு கிட்டியது. ஓய்வினால் ஆட்டம் கிட்டியது. இல்காஸ்காஸின் கதையும் இதற்கு மாறானதன்று. அவர் நோயுற்றிருந்த ஆண்டுகளில் கிளீவ்லண்டு வாகைக்குப் போட்டியிடும் நிலையில் இல்லை. ஆகவே அவரை விரைந்து களத்திற்குத் தள்ளும் தேவையும் எழவில்லை. பொறுமை என்பது அங்கு நற்பண்பாக மட்டுமன்றி நல்வாய்ப்பாகவும் அமைந்தது.

மறுபடியும் லேக்கர்ஸ் அணியை நோக்குவோம். 2019-20இல் தொடக்க மைய ஆட்டக்காரராக ஜாவேல் மக்கீ இருந்தார். தேவைப்பட்டால் அந்தோணி டேவிஸ் அவ்விடத்தைக் காத்தார். லெப்ரான் ஜேம்ஸ் அணியைச் செலுத்தினார். ஹோவர்ட் மூன்றாவது தூண். டென்வர் அணியின் நிக்கோலா யோக்கிச்சைத் தடுக்க வேண்டிய கட்டத்தில் அவரை முன்னிறுத்தினர். நான்காம் ஆட்டத்தில் அவர் 12 புள்ளியும் 11 மீள்பந்தும் எடுத்தார். மயாமி அணியோடு ஆடிய கடைசி ஆட்டத்தில் விரைவு தேவைப்பட்டதால், அவருக்கு மாற்றாக வேறொருவரைத் தொடக்கத்தில் இறக்கினர். அணி வென்றது. எப்போது வேண்டுமோ அப்போது பயன்படுத்தவும், வேண்டாதபோது அமர வைக்கவும் இயன்ற அணிக்கே அவர் ஆக்கமாயினர்.

2021இல் லேக்கர்ஸ் அவரை மூன்றாம் முறையாக அழைத்தது. இம்முறை அவர் 60 ஆட்டங்கள் ஆடினார். முப்பத்தாறு வயதினர்க்கு அது குறைந்த எண்ணிக்கையன்று. ஆனால் ஜேம்ஸ் 56 ஆட்டங்களே ஆடினார். டேவிஸ் 40 ஆட்டங்களே ஆடினார். சுற்றியிருந்தோரிலும் மூத்தோர் மிகுதி. அணி 33 வென்று 49 தோற்று, வாகைச் சுற்றிற்கே தகுதி பெறவில்லை. காயம் ஹோவர்டை வீழ்த்தவில்லை. அவரைத் தாங்கவேண்டியவர்களை வீழ்த்தியது. அதே வீரர், அதே அணி, அதே சீருடை. பக்கத்துத் தூண்கள் தளர்ந்தமையால் பயனே மாறிவிட்டது. மீண்டும் அழைத்தல் நன்றா தீதா என்பது அழைக்கப்படுபவரைப் பொறுத்ததன்று, அழைக்கும் அணியைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒப்பந்தத்தில் இருக்கவேண்டியவை

அங்ஙனமாயின் அழைக்கும் அணி செய்யவேண்டுவன யாவை? முதலாவது, ஒப்பந்தம் குறுகியதாக இருத்தல் வேண்டும். போர்ட்லண்டு அணி ஓடனுக்கு இறுதியாக அளித்த ஓராண்டு ஒப்பந்தம் பயன்தரவில்லை. எனினும் அதனால் அணி சிதையவும் இல்லை. ஓராண்டில் முடிந்த இழப்பு ஓராண்டோடு போயிற்று. ஆழம் பார்த்துக் காலை வைத்தவர்க்கு நனைவது காலளவே.

இரண்டாவது, பணியின் எல்லை முதலிலேயே வரையறுக்கப்பெற வேண்டும். எத்தனை நிமிடம், எத்தகைய ஆட்டத்தில், அடுத்தடுத்த இருநாள் ஆட்டங்களில் ஓய்வு உண்டா என்பன எழுத்தில் இல்லாவிடினும் வாய்மொழியிலாவது தெளிவாதல் வேண்டும். இங்கு வீரரின் மனமும் முக்கியமானது. ஒருகாலத்தில் அணியின் முடியாக இருந்தவர் பலகையில் அமர்ந்து காத்திருக்க இசைய வேண்டும். வால்டன் இசைந்தார், ஹோவர்ட் இசைந்தார். வென்றது அவர்தம் கால்கள் மட்டுமல்ல, அவ்விசைவும்தான். பழைய அரியணையையே கேட்டு வருபவரை, முழங்கால் எத்துணை உறுதியாக இருப்பினும், அழைத்தல் கூடாது.

மூன்றாவது, களமிறங்கலாமா என்பதனை முடிவு செய்பவர், வெற்றி தோல்வியால் ஊதியம் கூடிக் குறையும் நிலையில் இருத்தலாகாது. பயிற்சியாளர்க்கு நாளைய ஆட்டம் பெரிது. அன்பர்க்கு இன்றைய முழக்கம் பெரிது. வீரரும் வலியை மறைப்பார். அது வீரரின் இயல்பு. இம்மூவர்க்கும் நடுவே, 'இன்று வேண்டா' என்று கூறவும் அக்கூற்றை நிலைநிறுத்தவும் உரிமையுடைய மருத்துவர் ஒருவர் வேண்டும். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமை வீரர்க்கும் இருத்தல் வேண்டும்.

உறுதியற்ற ஒப்பந்தம் வீரருக்கு அநீதியன்றோ என்று சிலர் வினவுவர். கேட்கத்தக்க வினாவே அது. காயத்தின் இடர் முழுவதையும் வீரர் தலையிலேயே சுமத்தினால், அணி கொடுப்பது வாய்ப்பு என்ற பெயர்கொண்ட சுரண்டல் ஆகிவிடும். எனவே களத்தில் அணிக்காக ஆடும்போது நேரும் காயத்திற்குரிய மருத்துவமும் அப்பருவத்தின் ஊதியமும் அணியின் கடமையாதல் வேண்டும். தேறுகிறாரா என்று பார்க்கும் தொடக்க வாரங்களில் இடர் வீரருடையது. பொருத வேண்டிய திங்களில் இடர் அணியுடையது. இப்பங்கீடே நேரிது என்பது நம் கருத்து.

முடிவாக

காயமுறும் பழைய மைய ஆட்டக்காரரை மீண்டும் ஒப்பந்தம் செய்யலாமா என்னும் வினாவிற்கு, அவரின்றி நிற்கக்கூடிய அணி செய்யலாம். அவராலேயே நிற்க எண்ணும் அணி செய்தலாகாது என்பதே நம் விடை. நன்றியுணர்வு காட்ட விரும்பும் அணிக்கும் இதுவே அளவுகோல். ஒருவர்பால் நன்றியுடையோம் என்றால், அவர் தாங்கமாட்டாத சுமையை அவர் தோளில் ஏற்றாதிருத்தலே முதல் நன்றி. எண்ணை ஒதுக்கிப் பெருமை செய்யலாம், இளையோர்க்குக் கற்பிக்கும் ஆசானாக அமர்த்தலாம், சிறப்பிருக்கை அளிக்கலாம். ஊசிபோட்டுக் களமிறக்குவது நன்றியாகாது.

வால்டன் தம் வாழ்நாளில் முப்பதிற்கும் மேற்பட்ட அறுவைகளைக் கண்டார். 2024 மே 27இல் புற்றுநோயால் மறைந்தபோது அவருக்கு வயது எழுபத்தொன்று. ஹோவர்ட் 2025இல் கூடைப்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். ஆட்டம் சில ஆண்டுகளே. அதன்பின் அக்கால்களோடும் அம்முதுகோடும் ஆடியவரே வாழ்ந்தாக வேண்டும். சுவரை வைத்தே சித்திரம் என்றனர் நம் மூத்தோர். அணிகள் சித்திரத்தை விலைக்கு வாங்கலாம்; சுவர் அவருடையது.

மாணவச் செல்வங்கள் நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் ஆளைத் தேரும் இடத்தில் அமரப்போகின்றவர்கள். பிரிந்து சென்ற திறனாளர் ஒருவர், உடல் நலிந்த நிலையில், மீண்டும் வாயிலில் வந்து நிற்கும் நாள் அவர்களுக்கும் வரும். அன்று, வந்தவரின் குறையை எண்ணுவதற்குமுன், அவர் ஒருநாள் வராவிட்டால் தாங்கும் ஆற்றல் தம் கூட்டத்திற்கு உண்டா என்பதனை எண்ணுவாராக. உண்டெனில் தயங்காது கதவைத் திறக்கலாம். இல்லையெனில், முதலில் செப்பனிட வேண்டியது அவரையன்று, கூட்டத்தையே.